யாருடைய வலம்?

கள ஆய்வில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்புக்குள் அடங்கிவிடக்கூடிய பிழைதான். ஆயினும் அது ஒரு மீன்பிடிப் படகின் எஞ்சினைத் தவறான திசையில் நகர்த்தியது. ஓர் இளைஞனுக்குத் திட்டு வாங்கித் தந்தது. என் இயல் ஒன்றை மீண்டும் எழுத வைத்தது.

கேரளத்தின் முனம்பத்தை அடுத்த உப்பங்கழியோரம் ஒரு படகுப் பட்டறை. ஆழ்கடல் செல்லும் குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் முனம்பத்தையும் கொச்சியையும் தளமாகக் கொண்டு தொழில் செய்கிறார்கள். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் அவர்களுடைய தொழிற்சொற்களைத் திரட்டச் சென்றிருந்தேன். மழைக்காலத் தடை முடிய ஒரு வாரமே இருந்தது. முந்தைய பயணத்தில் அந்தப் படகின் கப்ளிங் போல்ட்டுகள் அறுந்து, மற்றொரு படகு கட்டியிழுத்து வந்திருந்தது. இம்முறை அலைன்மென்ட் பிசகக் கூடாது என்பதில் உரிமையாளர் உறுதியாக இருந்தார்.

எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ். அதன் முனையில் ஒரு வட்டத் தட்டு. புரொப்பல்லர் தண்டின் முனையிலும் அதேபோல் ஒரு தட்டு. இரண்டையும் போல்ட்டுகள் பிணைக்கின்றன. பிணைக்கும் முன்பு தட்டுகளின் முகங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். மையங்களும் ஒத்திருக்க வேண்டும். விட்டம் ஓர் அங்குலத்துக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு வரை பொறுக்கலாம் என்பது பொதுவழக்கு. 6 அங்குலத் தட்டு என்றால் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். மெல்லிய எஃகு இதழ்களாலான ஃபீலர் கேஜைத் தட்டுகளுக்கு இடையே நுழைத்து நான்கு புறமும் இடைவெளியை அளக்கிறார்கள். கரையில் ஏற்றி வைத்த படகில் முடிவான அளவை எடுப்பதில்லை. நீரில் இறங்கியதும் உடல் சற்றே நெகிழ்ந்து வேறு வடிவம் கொள்ளும். அது அமைந்த பிறகே இறுதி அளவு.

மெக்கானிக் தூத்தூர்க் கரையைச் சேர்ந்தவர். அண்ணன் என்றே அழைத்தேன். அவர் குனிந்து அளந்து சொல்ல, எஞ்சினுக்குப் பக்கத்தில் பின்புறம் பார்த்து உட்கார்ந்திருந்த நான் குறித்துக்கொண்டேன். மேலும் கீழும் ஒத்திருந்தன. பக்கவாட்டில் மட்டும் வேறுபாடு: 0.40, 0.20. அளவுகளைச் சொல்லிவிட்டு, உரிமையாளர் அழைக்க, அவர் கரையேறினார்.

இடைவெளி எந்தப் பக்கம் அகன்றிருக்கிறதோ, எஞ்சினின் முன்முனையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். உதவியாளனான இளைஞன் அளவைக் கேட்டான். "வலம் நாற்பது, இடம் இருபது" என்று நோட்டைப் பார்த்துப் படித்தேன். அவன் போல்ட்டுகளைத் தளர்த்தி, கடப்பாரையால் நெம்பி, முன்முனையை வலப்புறம் தள்ளி இறுக்கினான். இரண்டு மணி நேர வேலை. அண்ணன் திரும்பி வந்து அளந்தபோது 0.50, 0.10. வேறுபாடு இரு மடங்காகியிருந்தது.

உரிமையாளர் இளைஞனைத் திட்டத் தொடங்கினார். அண்ணன் ஒன்றும் பேசாமல் என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இது யாருக்க வலது? ஒனக்க வலதா, போட்டுக்க வலதா? நான் மேக்குன்னுல்லா சொன்னேன்."

ஆம், அவர் மேற்கு என்றுதான் சொன்னார். படகின் அணியம் வடக்கு நோக்கி இருந்தது. மேற்கு என்பது படகுக்கு இடம். தெற்கு பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு வலம். அவர் 'மேக்க நாப்பது' என்றது என் காதில் விழுந்து, கை வழியாக 'வலம் 40' ஆகியிருந்தது. பெயர்த்தெழுதியது எனக்கே தெரியவில்லை. தவறு என்னுடையது என்று உரிமையாளரிடம் சொன்னேன். ஆனால் சில நொடிகள் தாமதித்துத்தான் சொன்னேன். இளைஞன் அதற்குள் தலைகுனிந்து நின்றுவிட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் இரண்டாம் இயலின் பொருளே இடஞ்சுட்டும் முறைகள்தான். பேசுபவரின் உடலை வைத்து இடவலம் சொல்வது, பொருளின் முன்பின்னை வைத்துச் சொல்வது, திசைகளை வைத்துச் சொல்வது என்று மொழிகள் வேறுபடுகின்றன. படகுக்கென்றே உள்ள போர்ட், ஸ்டார்போர்ட் இரண்டாம் வகை. 1998இல் 'லாங்குவேஜ்' இதழில் எரிக் பெடர்சனும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இத்துறையில் எல்லோரும் படிப்பது. அதில் தமிழும் உண்டு. தமிழ்நாட்டில் நாட்டுப்புறத்தார் மேசை மேல் இருக்கும் பொருளுக்கும் திசையே சொல்வதையும், நகரத்தார் இடவலம் சொல்வதையும் பெடர்சன் காட்டினார். சென்னையில் வளர்ந்த நான் அதை மேற்கோள் காட்டியிருந்தேன். மேற்கோள் காட்டியது என் கைக்கு எட்டவில்லை.

அவ்வாய்வுகளின் புகழ்பெற்ற சோதனை ஒன்று: வரிசையாக வைத்த பொம்மை விலங்குகளைக் காட்டி, ஆளை 180 பாகை திருப்பி, மறு மேசையில் அதே வரிசையை வைக்கச் சொல்வார்கள். வரிசை ஆளோடு திரும்பியதா, திசையோடு நின்றதா என்பதே விடை. அன்று மாலை அண்ணன் செய்ததும் ஏறத்தாழ அதுதான். தண்டின் தட்டை மட்டும் அரைச்சுற்றுச் சுழற்றி மீண்டும் அளந்தார். அகன்ற இடைவெளி தண்டோடு சேர்ந்து இடம் மாறினால் தண்டிலோ அதன் தட்டிலோ கோணல். அங்கேயே நின்றால் எஞ்சினின் இருப்பில் பிழை. அது அங்கேயே, மேற்கிலேயே நின்றது. முன்முனையை மேற்கே தள்ளினார்கள். விளக்கு வெளிச்சத்தில் இறுதி அளவெடுத்தபோது வேறுபாடு 0.05.

அறைக்குத் திரும்பியதும் மூன்று மாத ஒலிப்பதிவுகளை நோட்டுகளோடு ஒப்பிட்டுக் கேட்டேன். நான் இடம், வலம் என்று எழுதிய பல இடங்களில் பேசியவர்கள் கிழக்கு, மேற்கு என்றிருந்தார்கள். சில இடங்களில் கரைப்பக்கம், கடல்பக்கம். குமரி மீனவர்களிடம் இடவலப் பயன்பாடு பெருகிவருகிறது என்று நான் கண்டுபிடித்திருந்ததில் கணிசமான பகுதி என்னுடைய பயன்பாடு. இயலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நெறியாளர் கால அவகாசத்தைப் பற்றி மட்டும் கேட்டார்.

களத்துக்குச் செல்லும் இளையோர்க்கு ஒன்று சொல்வேன். சொன்ன சொல்லையே எழுதுங்கள். விளக்கத்தைப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், எதிரே இருப்பது எத்திசை நோக்கியிருக்கிறது, நீங்கள் எத்திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி குறியுங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

தடை நீங்கிய இரவில் அந்தப் படகும் கிளம்பியது. கயிற்றை அவிழ்த்த இளைஞன் என்னைப் பார்த்து, "அண்ணே, மேக்கதான போறோம்?" என்று கேட்டுச் சிரித்தான்.