போன் மேல் பழி போட்ட ஒரு வருடம்

வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறோம். உள்துறைமுகக் கரையில் பின்னேரங்களில் போனும் கையுமாகக் குந்தியிருக்கும் தம்பிமாரும் வாசிக்கட்டும்.

எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஆறு வருடம். முதல் நாலு வருடமும் மனைவிக்குத்தான் இரத்தச் சோதனை, ஸ்கேன், மாத்திரை எல்லாம். ஆம்பிளையையும் சோதிக்க வேண்டாமா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. படிப்பிக்கிற நாங்களும் கேட்கவில்லை.

பிறகு வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் வந்தது. போனைக் களிசான் பொக்கட்டில் வைத்தால் பிள்ளை கிடைக்காதாம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. பழி போன் மேல் போய்விட்டதே! போன் சட்டைப் பைக்கு ஏறியது. இன்னுமொரு வருடம் சும்மா போனது.

கதை முழுப்பொய்யும் இல்லை. 2008இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் அசோக் அகர்வால் குழுவினர் 361 ஆண்களை ஆராய்ந்தார்கள். கூடுதலாகப் போன் பாவித்தவர்களுக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையும் அசைவும் குறைவாக இருந்தன. ஆனால் அவர்கள் எல்லோரும் குழந்தையின்மைக்காகச் சோதிக்க வந்தவர்கள். போன்தான் காரணமா, அதோடு சேர்ந்த பழக்கங்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2023இல் சுவிற்சர்லாந்தில் 2,886 இளைஞர்களின் முடிவு வந்தது. வாரத்துக்கு ஒருதரம் பாவித்தவர்களுக்கு மில்லிலீற்றருக்கு 56.5 மில்லியன், நாளுக்கு இருபது தடவைக்கு மேல் பாவித்தவர்களுக்கு 44.5 மில்லியன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழெல்லை 16 மில்லியன்தான். போனைப் பொக்கட்டில் வைத்ததற்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பு தெரியவில்லை.

கடைசியில் இரண்டு பேருமாக டொக்டரிடம் போனோம். அவர் போனைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிகரட் உண்டா, வளர்ந்த பிறகு கூகைக்கட்டு வந்ததா, லெப்டொப்பை மடியில் வைப்பதா என்று கேட்டார். பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விதைப்பையில் நாளங்கள் புடைத்திருந்தன, வெரிக்கோசீல் என்றார். அந்த இடம் உடம்பைவிட இரண்டு மூன்று பாகை குளிராக இருக்க வேண்டுமாம். இரத்தம் தேங்கினால் சூடு கூடிவிடும். விந்துப் பரிசோதனையிலும் எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது. அன்றிரவு மனைவி ஒன்றும் பேசவில்லை. நாலு வருட ரிப்போர்ட்டுகளை எடுத்து அடுக்கி, அலுமாரிக்குள் வைத்தா.

போன லீவில் ஒப்பரேஷன் முடிந்தது. விந்தணு உருவாக இரண்டரை மாதத்துக்குக் கிட்ட எடுக்குமாம். அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த சோதனை. இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.