பெண்டன் எண்டில் ஒரு ஐரிஸ் ஆண்டு

மே, கடைசி வாரம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹாட்லி ஊரில் இருக்கிறது பெண்டன் எண்ட். ஓவியர் செட்ரிக் மோரிஸ் 1940இல் இந்த வீட்டுக்குக் குடிவந்து, ஓவியப் பள்ளி நடத்திக்கொண்டே தோட்டத்தில் புதிய ஐரிஸ் வகைகளை உருவாக்கினார். பெயர் சூட்டியவை மட்டும் ஏறக்குறைய 90. உயரத் தாடி ஐரிஸுக்கு இதுதான் பருவம். மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்க, மூன்று கீழே தழைகின்றன. தழையும் இதழின் நடுவில் கற்றையாக மயிர். தண்டு 70 சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் இந்த வகையில் சேர்ப்பார்கள்.

ஜூன், முதல் வாரம்

கலப்புச் செய்யும் வேளை. ஒரு பூவின் மகரந்தப்பையை இடுக்கியால் கிள்ளி, இன்னொன்றின் சூல்முடியில் தடவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. காத்திருப்புத்தான் பெரிது: காய் முற்ற இரண்டு மாதம், குளிரில் கிடந்து விதை முளைக்க அடுத்த வசந்தம், பூவின் முகம் பார்க்க மேலும் இரண்டு மூன்று ஆண்டு.

மோரிஸ் ஆண்டுக்கு ஆயிரம் நாற்று வளர்த்ததாகச் சொல்வார்கள். பெரும்பாலானவற்றைக் கழித்துவிடுவார். மிச்சம் வைத்தவற்றில் ஓவியரின் கண் தெரிகிறது. 'பெண்டன் கார்டீலியா'வில் வெளிறிய ஊதா கலந்த இளஞ்சிவப்பு இதழ். அதன்மேல் ஆரஞ்சுத் தாடி. இன்றைய வகைகள் பலவற்றில் இதழ்கள் சுருண்டு நெளிந்து நிறத்தையே மறைக்கின்றன. மோரிஸின் பூக்களில் அந்த ஆரவாரம் இல்லை. நிறம் முழுதாகக் கண்ணில் படுகிறது.

ஜூலை

பூ முடிந்து ஆறு வாரம் ஆனதும் கிழங்கு பிரிக்கலாம். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் கொத்து நெருங்கிப் பூ குறையும். நடுவில் வற்றிய துண்டை எறிந்துவிட்டு, வேரோடு இருக்கும் இளம் துண்டுகளை மட்டும் எடுத்து, இலையை 15 சென்டிமீட்டர் விட்டு நறுக்கி நடுவார்கள். பார்க்க இஞ்சி மாதிரி இருக்கிறதே என்று புதைத்துவிடக் கூடாது. வேர் மண்ணுக்குள், கிழங்கின் முதுகு வெயிலில். தண்ணீர் தேங்கினால் அழுகி நாறும். தழைச்சத்து உரம் அதிகமானால் இலை கொழுத்து, பூ ஏமாற்றும்.

செப்டம்பர்

குளிருக்கு முன் வேர் பிடித்துவிட வேண்டும். விதையில் வருவது தாயைப் போல் இருக்காது என்பதால், பெயர் பெற்ற வகை கிழங்கு வழியாகத்தான் பிழைக்கிறது. 1982இல் மோரிஸ் இறந்தபின் பெண்டன் வகைகள் பலவும் நண்பர்களின் தோட்டங்களில் சிதறின. சில பெயரும் இழந்தன. சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தின் முன்னாள் தலைமைத் தோட்டக்காரர் சாரா குக் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். 2015 செல்சி மலர்க் கண்காட்சியில் அவை ஒன்றாகப் பூத்து நின்றன. மோரிஸின் பூனை பெயரைத் தாங்கிய 'பெண்டன் மெனஸ்' உட்படப் பல வகைகளின் கிழங்குகளை இப்போது நாற்றுப்பண்ணைகள் விற்கின்றன.