வாளியில் கீறிய பெயர்கள்

1870இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஆண்கள் நிறைந்த ஒரு கல்லூரியில் நான்கு மாணவிகள் கப்பா ஆல்பா தீட்டா என்ற சகோதரிச் சங்கத்தைத் தொடங்கினர். காற்றாடி வடிவப் பதக்கம் அதன் சின்னம்.

கண்ணதாசன் சிறுவயதில் குருகுலத்தில் பயின்ற அமராவதிபுதூரில், விடுதியில் வாழ்ந்த எங்களுக்குச் சங்கமும் இல்லை, பதக்கமும் இல்லை. ஒரு தகர வாளி இருந்தது. விடைபெறும் அக்காமார் அதன் அடியில் ஆணியால் தம் பெயரைக் கீறி இளையவர்களிடம் ஒப்படைப்பார்கள். படிப்பை முடித்தவர்களே கீறலாம் என்பது மரபு.

இரண்டாமாண்டில் எங்களுள் ஒருத்தியைத் திருமணத்திற்கென்று வீட்டார் அழைத்துச் சென்றனர். அவள் திரும்பவில்லை. எங்கள் கடைசி நாளில், முதலில் அவள் பெயரையே கீறினோம்.

"இவங்க படிப்பை முடிக்கலையே, அக்கா?" என்றாள் வாளியை வாங்கிக்கொண்ட பெண்.

முடிக்க விடவில்லை என்றோம்.