பழைய டேப் செட்டுல புளூடூத் பாட்டு

எங்க மாருதி 800-ல இருக்கிறது கேசட் போடுற டேப் செட். எஃப்.எம். ரேடியோவும் பாடும். "இதக் கழட்டிட்டு டச் ஸ்கிரீன் வெச்சிருங்கண்ணா, போன்லருந்தே பாட்டு வரும்"னு கடைக்காரத் தம்பி சொன்னார். எனக்கு மனசு ஒப்பல. காலமான எங்க அப்பா, அக்கா கல்யாணத்துல பேசுனது ஒரு கேசட்ல பதிவா இருக்கு. வீட்டு டேப் ரெக்கார்டர் எப்பவோ போயிருச்சு. அவர் குரலைக் கேட்கணும்னா இந்த வண்டி ஒண்ணுதான் வழி.

அதைச் சொன்னதும் தம்பி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்னு ஒண்ணை எடுத்துக் கொடுத்தார். சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுனா 12 வோல்ட் கரண்டை எடுத்துக்கும். போன் பாட்டைப் புளூடூத்துல வாங்கி, குட்டி ரேடியோ நிலையம் மாதிரி ஒலிபரப்பும். 88-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸுக்குள்ள, எந்த நிலையமும் இல்லாத ஒரு நம்பரை அதுலயும் செட்டுலயும் வெச்சாப் போதும். ஒரு ஒயரையும் வெட்ட வேண்டாம்.

இதுல ஒரு வேடிக்கை. கோயமுத்தூருக்குள்ள நுழைஞ்சா அங்கத்த நிலையங்க குறுக்க வந்து பாட்டு கொரகொரங்குது. எங்க ஊர்ப்பக்கம் அலைவரிசை காலியாக் கிடக்குது, சுத்தமாக் கேட்குது. பட்டணத்துல இருக்கிற நீங்க வாங்கினா இதை யோசிச்சுக்குங்க. வண்டியை நிறுத்தினதும் கழட்டியும் வெச்சிருங்க. சில வண்டியில சாவியை எடுத்த பின்னாலயும் அந்த ஓட்டையில கரண்ட் இருக்கும், பேட்டரி இறங்கிரும்.

இப்ப பையன் போன்ல பாட்டுப் போடுறான். அப்பா கேசட்டை மட்டும் வண்டியில விடறதில்லை. வெயில் சூட்டுல நாடா கெட்டுரும். அது பீரோவுல இருக்கு.