எந்தப் பரப்பில் காட்டைப் பார்ப்பது?

காட்டுச் சூழலியலில் ஒரு முடிவைச் சரியென்று ஏற்குமுன், அது எவ்வளவு பரப்பிலும் எவ்வளவு காலத்திலும் அளந்து பெறப்பட்டது என்று கேட்பது களப்பணியின் முதற்பாடம். பரப்பும் காலமும் சேர்ந்த இந்த வரையறையே அளவுமட்டம் எனப்படும். அதில் ஒருமுறைக்கு அளக்கும் மிகச்சிறிய கூறு அலகு, ஆய்வு தழுவும் முழு எல்லை வீச்சு. அலகினும் சிறியதையும் வீச்சினும் பெரியதையும் அந்த ஆய்வு காட்டாது.

இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியலாளர்கள் 1988–89இல் முதுமலையின் இலையுதிர் காட்டில் 50 ஹெக்டேர் பரப்புள்ள நிரந்தர ஆய்வுக்களம் ஒன்றை அமைத்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத மரத்தண்டு ஒவ்வொன்றையும் எண்ணிட்டு அளந்து வருகின்றனர். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றித் தண்டை அளக்கும்போது, கோடையில் ஈரம் வற்றிப் பட்டை சுருங்கியிருந்தாலோ தீயில் கருகி உதிர்ந்திருந்தாலோ, வளர்ந்த மரமும் மெலிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். ஓராண்டு வளர்ச்சி இத்தகைய மாற்றங்களுக்குள் மறைந்துவிடக்கூடும் என்பதால், மடிந்த மரங்களையும் புதிதாகச் சேர்ந்தவற்றையும் ஆண்டுதோறும் எண்ணினாலும், வளர்ச்சியை அறிய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே தண்டுகள் அளக்கப்படுகின்றன.

காலத்தைப் போலவே பரப்பும் முடிவை மாற்றும். செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த கிடியா காலிசினா என்னும் மரத்தை யானைகள் ஒடித்தும் பட்டை உரித்தும் தின்றதால், தொடக்க ஆண்டுகளிலேயே அதன் எண்ணிக்கை இக்களத்தில் பெரிதும் சரிந்தது. ஐம்பது ஹெக்டேருக்குள் நின்று பார்ப்பவருக்கு இது ஓர் இனத்தின் வீழ்ச்சி. ஆனால் யானைக் கூட்டம் மேயும் பரப்போ முதுமலை, பந்திப்பூர், வயநாடு என்று மூன்று மாநிலக் காடுகளில் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் விரிந்தது. ஆகவே யானையால் காடு அழிகிறது என்றோ அழியவில்லை என்றோ இக்களத்தின் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பது பிழையாகும்.

மேலாண்மையில் இப்பிழையின் விலை இன்னும் அதிகம். ஒரு வனச்சரகத்தில் உண்ணிச்செடியை வேரோடு களைந்தாலும், பக்கத்துச் சரகத்தில் அது காய்த்துக் கிடக்குமானால் பறவைகள் அதன் விதையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இந்திய வன அளவை நிறுவனமோ, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மர விதானம் 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், அது தோப்பாயினும் தோட்டமாயினும் வனப்போர்வையாகக் கணக்கிடுகிறது. நாடு முழுவதற்குமான மதிப்பீட்டுக்குப் பயன்படும் இக்கணக்கு, விதானத்தின் கீழ் நாற்றுகள் முளைத்து வளர்கின்றனவா என்பதைக் காட்டாது. அதற்குத் தரையில் சிறு சதுரங்கள் வகுத்து, குனிந்து எண்ணத்தான் வேண்டும்.

எந்த ஓர் அளவுமட்டமும் மற்றொன்றுக்கு ஈடாகாது. தீ, மேய்ச்சல், விதை பரவல் ஆகிய ஒவ்வொன்றும் இயங்கும் எல்லையை முதலில் அறிந்து, அதற்கேற்ப அலகையும் வீச்சையும் வகுத்து, பெற்ற எண்ணோடு அவற்றையும் சேர்த்தே அறிக்கையில் எழுதுவது ஆய்வாளரின் கடமை. அவற்றைப் படித்த பின்னரே அந்த எண்ணைத் தம் காட்டுக்குப் பொருத்துவது வன அலுவலரின் கடமை.