மூடுபனியில் நிறம் இல்லை

ஜூலை 3

மலைப்பாதையில் மண் சரிந்து நான்கு நாளாகிறது. வால்பாறைக்கு ஜூலை மழை புதிதில்லை, ஆனால் இம்முறை மூடுபனி விலகவே மாட்டேன் என்கிறது. கையேடுகள் எல்லாம் நிறத்தில்தான் தொடங்குகின்றன: இது கறுப்பு, அது பழுப்பு, இதற்கு முதுகில் வெள்ளி. பத்தடிக்கு அப்பால் எல்லாமே சாம்பலாகத் தெரியும் நாட்களில் அந்தப் பக்கங்கள் எதற்கும் உதவவில்லை. அப்படியானால் இந்த மலையின் உயிர்களை எதைக் கொண்டு அறிவது? நிறத்துக்கு முன்னால் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று படுகிறது. தாங்குகிறதா என்று எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

ஜூலை 4

வரையாடு. பெயரிலேயே இடம் இருக்கிறது. வரை என்றால் மலை. சங்கப் புலவர்கள் இதை வருடை என்றார்கள். கையேடு முதலில் சொல்வது ஆணின் முதுகில் இருக்கும் வெள்ளிச் சேணத்தை. ஆனால் அது முதிர்ந்த கிடாய்களுக்கு மட்டுமே உண்டு. பெண்களும் குட்டிகளும் வெறும் சாம்பல் பழுப்பு. சேணத்தைத் தேடிப் போகிறவர் மந்தையில் பெரும்பாலானவற்றைத் தவறவிடுவார். பனிக்குள் புல்வெளியில் நான்கு கால் உருவங்கள் சில மேய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கடமானாகவும் இருக்கலாம், ஏனென்றால் அதுவும் சோலையை விட்டு வெளியே வந்து மேயும். மிரளும்போதுதான் வேறுபாடு தெரியும். கடமான் மரங்களுக்குள் ஓடி மறையும். வரையாடு செங்குத்துப் பாறையை நோக்கி ஓடும். சிறுத்தையும் செந்நாயும் பின்தொடரத் தயங்கும் விளிம்புதான் அதற்கு வீடு. புல்லும் பாறையும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில்தான் அதைத் தேட வேண்டும்.

தோற்றம் அறிஞர்களையும் ஏமாற்றியிருக்கிறது. இமயமலைத் தார் ஆட்டோடு இதையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வுதான் இது செம்மறிகளுக்கே நெருக்கம் என்று காட்டி, நீலகிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினத்துக்கு வழிவிட்டது. பிரித்துக் காட்டியது மரபணுவே தவிர இடமில்லை என்பதால், இதை என் பக்கத்துச் சாட்சியாக முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. உருவத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இது போதும்.

ஜூலை 5

மழை. காலையில் பூங்குருவியின் சீழ்க்கை மட்டும் ஓடைப் பக்கமிருந்து வந்தது. ஓடையும் குரலும் போதும், பார்க்க வேண்டியதில்லை.

ஜூலை 11

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கருமந்தியும் சோலைமந்தியும் ஒரே காட்டில், சில வேளை ஒரே மரத்தில் இருக்கின்றன. இரண்டும் கறுப்பு. இடம் இங்கே என்ன சொல்லிவிடும்? யோசிக்க யோசிக்க, ஒரே மரம் என்பது ஒரே இடமாகாது என்றே தோன்றுகிறது. கருமந்திக்கு மரம் என்றால் இலை. இலையைச் செரிக்க அறைகள் கொண்ட வயிறு வேண்டும், நீண்ட ஓய்வும் வேண்டும். அதனால் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். உடலைவிட நீண்ட வால் கயிறு போல நேராகக் கீழே தொங்கும். அதே மரம் சோலைமந்திக்குப் பழமும் பூச்சியும். பட்டையை உரிக்கும், சுருண்ட இலையைப் பிரித்து உள்ளே பார்க்கும், வெடிப்பலாவின் முள்காயை உடைக்கும், கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு நகரும். அதன் கை ஓய்வதே இல்லை. பனிக்குள் நிழலாகத் தெரிந்தாலும், தொங்கும் வாலும் ஓயாத கையும் குழப்பம் தராது. கருமந்திக் கடுவனின் ஊளை பள்ளத்தாக்கு தாண்டிக் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டையும் கருங்குரங்கு என்ற ஒற்றைப் பெயரில் அடக்குவது பிழை என்பதோடு நிற்பதில்லை. கருங்குரங்கு லேகியம் என்ற பெயரில் கருமந்தியைக் கொன்று குவித்த காலம் உண்டு. கறுப்பை மட்டும் பார்க்கிற துப்பாக்கிக்கு சோலைமந்தி வேறாகத் தெரிந்திருக்குமா? தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று தனித்தனியாக எண்ணுகிறது. பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருந்ததுதான்.

ஜூலை 12

நீலமேனி ஈப்பிடிப்பான் இங்கே குளிர்கால விருந்தாளி. ஜூலையில் தெரியும் அதே போன்ற நீலம் நீலகிரி ஈப்பிடிப்பானுடையது. மாதத்தையும் இடத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 19

எழுதியதெல்லாம் புதுத்தோட்டத்தில் இடிந்துவிடுகிறது. தேயிலையும் சாலையும் வீடுகளும் சூழ்ந்த, ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான துண்டுக்காடு அது. அங்கே சோலைமந்தி கூரையில் உட்காருகிறது, தார்ச்சாலையில் நடக்கிறது, சமையலறைக்குள் கை விடுகிறது. மரவுச்சியை விட்டு இறங்காத விலங்கு என்று படித்துவிட்டு வருகிறவர் அதை நாட்டுக்குரங்கு என்றே நினைப்பார். இடத்தை நம்பு என்ற வாதம் இங்கே செல்லாது. முகத்தைச் சுற்றிய நரைத்த பிடரியும் வால் நுனிக் குஞ்சமும்தான் கைகொடுக்கும். ஆக, நான் ஒதுக்கிய நிறம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை மறுக்க முடியவில்லை. ஆனால் முறை தவறியதற்குக் காரணம் குரங்கு மாறியதா, அதன் காலடியில் இருந்த காடு போனதா? சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டித்தர வேண்டியிருக்கிறது என்பதே பதில். அந்தப் பாலத்தில் போகும்போது மட்டும் அது மறுபடி கையேட்டில் உள்ள விலங்காகிறது.

ஜூலை 20

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 27

பாதை திறந்துவிட்டது. பனி அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303. எண் ஏறியதில் மகிழ்ச்சிதான். என்றாலும் சீகை மரம் ஏறிய புல்வெளிகளை நினைத்தால் மனம் தங்குவதில்லை. மரம் நெருங்கிய சரிவில் ஆடு எதைப் பார்த்து ஓடும்?

ஆழியாறிலிருந்து ஏறும் வழியில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம், வரையாடுகள் சாலையோரத் தடுப்புச் சுவரில் ஏறி நிற்பது வழக்கம். வாகனங்கள் ஒதுங்கிப் போகின்றன. அந்தச் சுவர் அவற்றுக்கு வரையா, புதுத்தோட்டத்துக் கூரையா? எந்த நாளின் குறிப்போடு இதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை.