சூடேறினால் கெட்டியாகும் கந்தகம்

கந்தகம் என்றதும் பலருக்குத் தீப்பெட்டியும் பட்டாசும்தான் நினைவுக்கு வரும். அதில் கண்ணாடியும் செய்யலாம் என்றால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

தேனோ மெழுகோ, சூடேற ஏற இளகும். கந்தகம் அப்படியில்லை. சுமார் 115 டிகிரியில் உருகி மஞ்சளாக ஓடும். 159 டிகிரியைத் தாண்டியதும் திடீரென்று பிசின் மாதிரி கெட்டியாகிவிடும். காரணம் இதுதான்: கந்தகத்தில் எட்டெட்டு அணுக்கள் வளையமாகக் கைகோத்திருக்கும். சூட்டில் வளையங்கள் அறுந்து, ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலிகளாகி, இடியாப்பம் போலச் சிக்கிக்கொள்ளும். 200 டிகிரியைத் தாண்டினால் சங்கிலிகள் துண்டுபட்டு மறுபடி இளகும்.

இந்தக் குழம்பைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் ரப்பர் போன்ற கந்தகம் கிடைக்கும். ஆனால் நிலைக்காது. சங்கிலிகள் மெல்ல வளையங்களாகத் திரும்பி, சில நாட்களில் பழையபடி நொறுங்கும் கந்தகமாகிவிடும்.

இங்கேதான் ஆர்சனிக் உதவிக்கு வருகிறது. கந்தக அணுவுக்கு இரண்டு கைகள், ஆர்சனிக்குக்கு மூன்று. அந்த மூன்றாவது கை சங்கிலிகளைப் பின்னி வலையாக்குகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி சுமார் 5 மைக்ரானோடு அகச்சிவப்புக் கதிரை மறித்துவிடும். இந்தக் கண்ணாடி அதையும் தாண்டி விடும் என்று 1950-இல் ஃப்ரெரிக்ஸ் காட்டினார்.

செய்வதுதான் ஆபத்து. காற்றை நீக்கி மூடிய சிலிக்கா குழாயில் உருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் கந்தக ஆவியின் அழுத்தத்தில் குழாயே வெடிக்கலாம். உள்ளே இருப்பதோ விஷம்.

இருந்தும் ஏன் செய்கிறார்கள்? வெப்பக் கேமரா லென்ஸுக்கு வழக்கமான பொருள் ஜெர்மானியம். விலை அதிகம். 2023 ஆகஸ்டில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. கந்தகக் கண்ணாடியும் அதன் உறவான செலினியக் கண்ணாடியும் குறைந்த சூட்டிலேயே இளகுவதால், லென்ஸை அச்சில் அழுத்தியே எடுத்துவிடலாம்.